யாரோடு போகிறாய் என்று கேட்கிற வேலை

பிள்ளைகள் விளையாட்டுக் கிளப்பில் ரெஜிஸ்டர் எழுதுகிற வேலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்குகிற வேலை என்றுதான் நினைப்பார்கள். முகப்பேரில் ஒரு கால்பந்துக் கிளப்பின் கேட்டில் ஆறு வருஷமாக அந்த நாற்காலி என்னுடையது. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, யாரோடு போனது என்று எழுதுவேன். சாயங்காலம் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தொண்டை கட்டியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால் புரியும்.

நாலு செங்கல்

ஒரு சனிக்கிழமை காலை, சின்னப் பிள்ளைகளுக்கான இரும்பு கோல் போஸ்டில் இரண்டு பையன்கள் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "இறங்குங்கடா" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, போஸ்ட் அப்படியே முன்பக்கம் சாய்ந்தது. ஒருவன் குதித்துவிட்டான். தர்ஷன் என்கிற ஒன்பது வயசுக்காரன் மல்லாக்க விழுந்தான். அவன் தலைக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

ஓடிப்போய் அவன் தலையைத் தடவிப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றுமில்லை. போஸ்டை மண்ணில் ஊன்றவே இல்லை. பின்பக்கம் நாலு செங்கலை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மைதானம் பார்த்துக்கொள்ளும் முனுசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் செங்கலைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"நாலு வருசமா இப்டிதாம்மா நிக்குது, இன்னிக்கிதான் இதுங்க தொங்கிச்சிங்கோ."

ஆப்பில் வந்த மாமா

ஹாசினிக்கு ஏழு வயசு. தினமும் அப்பாவோடுதான் போவாள். அன்றைக்கு யாரோ ஒருவர் பைக்கில் வந்து, "ஹாசினி பாப்பா யாருக்கா?" என்று என்னிடமே கேட்டார். "நீங்க யாரு?" என்றேன். போனைக் காட்டினார். பைக் டாக்சி. ஓடிபியை அம்மாவே போனில் சொல்லிவிட்டார்களாம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஐடி கம்பெனியில் வேலை, ஏதோ மீட்டிங்கில் இருந்தார். "ஆமா மேடம், நான்தான் புக் பண்ணேன். அவ அப்பா ஊர்ல இல்ல. ஆப்ல லைவ்வா பாத்துட்டுத்தான் இருக்கேன், நல்ல ரேட்டிங் உள்ளவர்தான்" என்றார். ஏழு வயசுப் பிள்ளையின் கால் அந்த பைக்கின் ஃபுட்ரெஸ்டுக்கு எட்டாது. நீங்கள் வருகிற வரை என் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வந்தவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நானே கேன்சல் பண்ணிக்கினு போயிருப்பேங்க்கா, அடுத்து எவன் வருவானோன்னுதான் வந்தேன், என் ஊட்லயும் ஒரு பொண்ணு கீது."

நோட்டில் இருந்தது

நஸ்ரின் பூந்தமல்லியிலிருந்து வருவாள். பன்னிரண்டு வயசு. இடது ஓரத்தில் பந்தோடு ஓடினால் பையன்களால் பிடிக்க முடியாது. எங்கள் கோச்சுக்கும் அந்தப் பக்கம்தான் வீடு. தினமும் அவரே பைக்கில் கொண்டுபோய் விட்டார். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

திடீரென்று அவள் மைதானத்துக்குள் போவதை நிறுத்தினாள். வயிற்று வலி என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நாள், ஒன்றும் சொல்லாமல் போனை என் மடியில் வைத்தாள். கோச் அனுப்பிய மெசேஜ்கள். ஆரம்பத்தில் ஆட்டத்தைப் பற்றி இருந்தது. போகப் போக ஆட்டத்தைப் பற்றி இல்லை. கடைசியில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். எல்லாவற்றுக்கும் கீழே, "படிச்சதும் அழிச்சிடு, அம்மாகிட்ட காட்டாத" என்று மட்டும் தவறாமல் இருந்தது.

கிளப் செயலாளர் செல்வமணி சாரிடம் ஓடினேன். "அவசரப்படாதீங்க மேடம், நமக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தவரு" என்றார். போனை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். அன்றைக்கே கோச்சை நிறுத்தினோம். நஸ்ரினின் அம்மாவை வரவழைத்து, மூன்று பேருமாக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். வழக்கு நடக்கிறது.

இரண்டு மாசம் கழித்து அவள் திரும்ப விளையாட வந்தாள். நான் கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டுவிட்டேன், ஏன்மா முன்னாடியே சொல்லவில்லை என்று. அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நான் தினமும் யார்கூட போறேன்னு நீங்கதானே ஆன்ட்டி எழுதுனீங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பையனுக்கு என்ன

அதற்கப்புறம் பெற்றோர் கூட்டம் போட்டோம். கோச் யாரும் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, ஒரு பிள்ளையை மட்டும் தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது என்று செல்வமணி சார் ஒவ்வொன்றாகப் படித்தார். ஐயப்பன்தாங்கலிலிருந்து வருகிற ஒரு அப்பா எழுந்தார். "இதெல்லாம் பொண்ணுங்களுக்குப் போடுங்க சார். பையனுக்கு என்ன ஆகிடப் போவுது?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அவருடைய பதினொரு வயசு மகன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விதிகள் எல்லோருக்கும்தான் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார் சார். நாற்காலிகளை அடுக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பையனுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா, அவங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லுவானா மேடம்?"

ஆறு வருஷம் மைதானத்து கேட்டில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதெல்லாம், பந்தைப் பார்க்க ஊரே இருக்கிறது, நாம் மற்றதைப் பார்த்தால் போதும் என்பதுதான்.