நீர் ஓடட்டும் என்று கேட்டேன்

ஆற்றில் மிதந்துகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை முதலில் வந்தது. எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம், நாம் குடியேறிய பேர்ண் நகரில், ஆரே ஆறு. என்னோடு தாதிப் பயிற்சி படித்த ஊர்சுலா கூட்டிப்போயிருந்தாள். அங்கே நீந்தவே வேண்டாம். இறங்கினால் ஆறே கொண்டுபோகும். பாலத்துக்கு அடியில் போகும்போது அவள் கத்தினாள்: "மாலைதீவில் கடலே இப்படி ஓடுமாம்! அதற்கு அடியில் சுறாக்களோடு சேர்ந்து போகலாமாம்!" அந்தக் குளிர் தண்ணீரிலும் எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. கரையேறுமுன் முடிவெடுத்துவிட்டேன்.

மாலைதீவில் கடலுக்கு நடுவே பவளப்பாறை பெரிய வளையமாக நிற்கும். உள்ளே குளம்போலத் தண்ணீர். வளையத்தில் ஆங்காங்கே ஒரு வாசல். கடல் பெருகும்போது அந்த வாசலால்தான் உள்ளே பாயும், வற்றும்போது அதே வாசலால் வெளியே பாயும். காற்றுக் குப்பியை முதுகில் கட்டிக்கொண்டு அந்தப் பாய்ச்சலில் போவதுதான் என் ஆசை. கற்றுக்கொள்ள ஒன்றரை வருடம் பிடித்தது. பேர்ணுக்குப் பக்கத்தில் உள்ள தூண் என்ற ஏரியின் பனிக்காலத் தண்ணீரில் பல் கிடுகிடுக்கப் பழகினேன்.

நான் இருந்தது அண்ணை வீட்டில். அவர் மனைவியை மச்சாள் என்பேன். நம் வெள்ளிக்கிழமைப் பூசை நடப்பதும் அந்த வீட்டு வரவேற்பறையில்தான் என்பதால் அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பொம்பிளைப் பிள்ளை கடலுக்கடியில போய் என்னத்தைப் பாக்கப்போறாய்?"

"சுறாவை, மச்சாள்."

"பேசிவந்த மாப்பிள்ளையளைப் பாக்க நேரமில்லை, சுறாவைப் பாக்க நேரமிருக்கோ?"

"சுறா சாதகம் கேக்காது, மச்சாள்."

அண்ணை சிரித்துவிட்டார். மச்சாள் சிரிக்கவில்லை. அந்த வெள்ளி, நம் ஊரில் கடல்சூழ்ந்த தீவில் கோயில்கொண்ட நாகபூசணி அம்மனின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று கேட்டேன். என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

எண்பத்தெட்டு மாசியில் ஊர்சுலாவும் நானும் மாலைதீவுக்குப் போனோம். முதல் நாட்கள் சொர்க்கம். மூன்றாவது வாசலில் கணக்குப் பிழைத்தது. கடல் உள்ளே பாய்கிறது என்று நம்பி வாசலின் வெளிப்பக்கத்தில் இறங்கினோம். படகு எங்களை எதிர்பார்த்து உள்ளே போய்விட்டது. வாசலில் நுழைந்தபோதுதான் நீர் இன்னும் வெளியே பாய்ந்து முடியவில்லை என்று தெரிந்தது. பாறையைப் பிடித்தேன், பாறை உடைந்து கையோடு வந்தது. கதவுக்கு வெளியே தள்ளிவிட்டதுபோல் கடல் எங்களை வெளியே எறிந்தது.

மேலே வந்து பார்த்தால் படகு இல்லை. குப்பியில் காற்று இல்லை. ஊர்சுலாவின் இரண்டு காலிலும் சதை பிடித்துக்கொள்ள, அசைக்க முடியாமல் அவள் அழுதாள். பாறைக்கு மேலால் ஏறலாமென்றால் அலை அங்கே வெள்ளையாக உடைகிறது. போனால் கிழித்துவிடும். உள்ளே போக ஒரே வழி அந்த வாசல். சிறிது நேரத்தில் நீரோட்டம் அடங்கியது. கடல் அசையாமல் நின்றது. நல்லது என்று நினைத்து அவளை இழுத்துக்கொண்டு நீந்தினேன். வாசல் கிட்டவே வரவில்லை. அலைதான் எங்களை மெல்ல மெல்லப் பாறைப்பக்கம் ஒதுக்கியது.

"என்னை விட்டுவிட்டு நீ போ," என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். தனியே என்றால் போய்ச் சேர்ந்திருப்பேன். அந்த எண்ணம் வந்தது. அப்போதுதான் வாய்விட்டுக் கத்தினேன்: "அம்மா! நீரை ஓடவிடு! உள்ளுக்கு ஓடவிடு! அதுவரைக்கும் என்ர கையை விடவிடாதை!" மன்றாடவில்லை. சண்டைதான் பிடித்தேன். தீவைச் சுற்றிக் கடலை வைத்துக்கொண்டு இருக்கிறவளுக்கு இது தெரியாதா என்று கேட்டேன்.

கை விடவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது கால்களில் ஓர் இழுவை தெரிந்தது. முதலில் மெதுவாக. பிறகு ஆரே ஆறுபோல. பிறகு அதைவிட வேகமாக. வாசல் எங்களை விழுங்கி உள்ளே துப்பியது. படகுக்காரர் எங்களைக் கண்டு தலையில் கைவைத்தபடி நின்றார். ஊர்சுலாவின் சட்டைத் தோளில் மடங்கியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்தார்.

திரும்பிவந்து வெள்ளிப் பூசையில் இதைச் சொன்னபோது மச்சாள் அழுதார். பிறகு சொன்னார்:

"நான் அண்டைக்கே நேர்ந்தனான். தண்ணி ஓடாமல் நிக்கவேணும், நீ உயிரோட வந்தால் இனிக் கடலுக்கை இறங்கமாட்டாய் எண்டு."

"என்ர காலுக்கு நீங்கள் எப்பிடி நேரலாம்?"

"பிள்ளையளுக்குப் பெரியாக்கள் நேர்றேல்லையோ?"

"மச்சாள், தண்ணி நிண்டது. நிண்டபடியால்தான் சாகப் பாத்தம். ஓடினபடியால்தான் வந்தம்."

மூலையிலிருந்த பெரியவர் ஒருவர், "வத்துறதும் பெருகிறதும் எப்பவும் நடக்கிறதுதானே பிள்ளை, இதில அம்மன் எங்கை?" என்றார்.

ஓம், நடக்கிறதுதான். அது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சந்திரன் என் சொல் கேட்டது என்று நான் சொல்லவில்லை. விட்டுவிட நினைத்த கை விடவில்லை. அந்தப் பலம் என்னுடையது அல்ல. அதை யார் தந்தது என்று எனக்குத் தெரியும்.

"அப்ப என்ர நேர்த்தி?" என்றார் மச்சாள்.

"அம்மனுக்குக் கோபமெண்டால் என்னோட கதைக்கட்டும்."

அன்பர்களே, இதைப் பயமுறுத்த எழுதவில்லை. முன்பு நான் பழக்கத்துக்குக் கும்பிட்டவள். இப்போது நாளும் அம்மனோடு பேசுகிறேன். காப்பாற்றியது வீட்டில் இருத்தவே என்கிறீர்கள். போகவிடத்தான் என்கிறேன் நான். உங்களுக்குள்ளும் ஓர் ஆசை ஓடிக்கொண்டிருந்தால் அதை நிற்பாட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். துணைக்கு வா என்று கேட்டுப்பாருங்கள். வருவாள்.

வருகிற மாசியில் தெற்கே, கடைசி வளையத்துக்குப் போகிறோம். ஊர்சுலாவும் வருகிறாள். அங்கே வாசல் பெரிது, பாய்ச்சல் இன்னும் பலம். வெளியே ஒரு படகு, உள்ளே ஒரு படகு என்று ஒழுங்கு செய்துவிட்டோம். அம்மன் தந்த மூளையையும் பாவிக்கத்தானே வேண்டும்.

போன வெள்ளி, கற்பூரம் கொளுத்தப்போன மச்சாள் தீப்பெட்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"சரி. இந்தமுறை என்னெண்டு கேக்கிறது? நீயே சொல்லு."

"உள்ளுக்கு ஓடட்டும் எண்டு கேளுங்கோ, மச்சாள். நல்லாப் பலமா."