நோகாத முழங்கால்

அன்று என் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நடித்தேன்.

சொல்லிவிட்டேன்! அல்ப்ஸ் மலையில் ஒரு மனைவி கணவனைத் தோளில் தாங்கி இறக்கிய கதையை எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணவன் நான்தான். அவள் தாங்கியது உண்மை. இறக்கியதும் உண்மை. பொய்யாக இருந்தது என் கால் மட்டுமே...

போன கோடையில், நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் என்னோடு நிற்கும் யோகன் மலைக்குப் போக ஒரு வான் வண்டியை வாடகைக்கு எடுத்தான். போய்ச் சேர்ந்ததும் அவனும் குடும்பமும் மலையடிவாரத்தில் பாயை விரித்து, சோற்றுப் பானையோடு அமர்ந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இயற்கை என்பது ஆட்டிறைச்சிக் கறிக்குப் பின்னால் தெரியவேண்டிய காட்சி. நானும் அங்கேயே இருந்திருக்கலாம். என் வாய் விட்டால்தானே! "உந்த மேடு எனக்கொரு மேடே? பின்னேரத்துக்குள்ளை ஏறி இறங்கிக் காட்டிறன்!" என்று கடை முழுக்கச் சொல்லித் திரிந்தவனாயிற்றே நான்.

என் மனைவி வசந்தி எதையும் சொல்லித் திரியவில்லை. சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நடந்தாள்.

அந்த நடையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! பின்னால் நான், அவசரத்துக்கென்று கட்டிய புட்டுப் பார்சலோடு. அவசரம் முதல் வளைவிலேயே வந்துவிட்டது. தின்றேன். அதன்பிறகு மலையோடு புட்டையும் சேர்த்துச் சுமந்தேன்.

"இஞ்சரும், உமக்குக் களைக்கேல்லையே?"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "ஊரிலையிருந்து வரேக்கை இருட்டுக்குள்ளை காடு காடா நடந்து எல்லை தாண்டினனான். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் நட எண்டான், நடந்தன். இண்டைக்குத்தானப்பா நானா ஆசைப்பட்டு நடக்கிறன். உச்சியைத் தொட்டிட்டுத்தான் இறங்குவன்."

நானோ அக்கா கூப்பிட்டு விமானத்தில் வந்தவன். சாப்பாட்டுத் தட்டு இரண்டாவதும் கேட்டு வாங்கியவன்...

உச்சியிலிருந்த இரும்புச் சிலுவை தெரிந்தது. அதற்கு முன் பாறையோரமாக ஓர் ஒடுங்கிய பாதை. பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி. கீழே... கீழே ஒன்றுமே இல்லை! ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் அவளுடைய குட்டைக்கால் நாயும் அதைக் கடந்து எதிரே வந்தார்கள். "கூராஜ், மிஸ்யூ!" என்று எனக்குத் தைரியம் சொன்னாள் அவள். நாய் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வை போதும்.

'பயமாயிருக்கு' என்று ஒரு சொல். ஊரெல்லாம் ஓயாத இந்த வாய்க்கு அது வரவில்லை! "ஐயோ, முழங்கால்!" என்று உட்கார்ந்துவிட்டேன்.

சங்கிலியில் கை வைத்திருந்தவள் ஓடி வந்தாள். கோடாலித் தைலம் பூசினாள். "நீர் போயிட்டு வாரும், நான் இதிலை இருக்கிறன்" என்றேன். சொல்லத்தான் சொன்னேன்... எந்தக் குரலில்? அந்தக் குரலைக் கேட்டபின் எந்த மனைவி போவாள்? அதைத் தெரிந்துதானே அந்தக் குரலை எடுத்தேன்!

அவள் ஒருமுறை சிலுவையைப் பார்த்தாள். இரண்டு பைகளையும் தன் தோளில் மாட்டினாள். "எழும்புங்கோ" என்று என் கையை எடுத்துத் தன் மறுதோளில் போட்டாள்.

வழியில் நொண்டும் கால் மாறிவிட்டது.

"எந்தக் காலப்பா நோகுது?"

"ரெண்டுந்தான்!"

அடிவாரத்தில் யோகன் கைதட்டி வரவேற்றான். "அக்கா, அண்ணையை அங்கையே விட்டிட்டு வந்திருக்கலாமே, நல்ல காத்து!" அடுத்த கிழமை லா சப்பல் முழுக்கக் கதை பரவிவிட்டது.

காடுகளைப் பற்றி வேறெவரிடமும் வாய் திறவாத வசந்தி, இதைச் சொல்கிறாள்! நாடியை நிமிர்த்திச் சொல்கிறாள். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் மலை கொஞ்சம் வளர்கிறது. பொபினியில் ஒரு பிறந்தநாள் விழாவில் மழையும் சேர்ந்தது. இடியைச் சேர்த்தவன் நான்! பக்கத்தில் இருந்து கேட்கும்போது என் நெஞ்சு என்னமாய் நிமிர்கிறது, தெரியுமா? இவள் என் மனைவி! என் எடையை, இரண்டு பைகளை, அந்தச் சரிவில் இறக்கியவள்! பொய்க்காலோ மெய்க்காலோ, எடை மெய்தானே?

உண்மையைச் சொல்லலாம். உச்சியைத்தான் பறித்தேன், இந்தப் பெருமையையும் பறிப்பதா? அல்லது... இப்படிக் கேட்பதே என் கோழைத்தனத்தின் இன்னொரு முழங்கால் நோவா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்!

இந்தக் கோடைக்கும் போகிறோம். நேற்று இரண்டு ஊன்றுகோலும் ஒரு முழங்கால் பட்டியும் வாங்கி வந்தாள்.

"நீர் தனியப் போய்த் தொட்டிட்டு வாருமன்" என்றேன். இம்முறை உண்மையான குரலில்.

"தனிய நடந்ததெல்லாம் எனக்குக் காணும்" என்றாள். பட்டியை விரித்தபடி என் முன்னால் குந்தினாள். "எந்தக் கால்? நீட்டுங்கோ."

வலக்காலை நீட்டினேன்... வலதுதான் என்று நினைக்கிறேன்.