சத்தத்தை அணைத்து வைத்தவர்

எங்கள் தொலைக்காட்சி அலுவலகத்தில் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாத காட்சிகளைப் படங்களிலிருந்து வெட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறார். ஒரு நாளைக்கு மூன்று படம் முடித்தாக வேண்டும். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு நாலு மடங்கு வேகத்தில் ஓட்டுவார். ரத்தம் கண்ணில் பட்டால் வெட்டு. ஒன்றுமே நடக்காவிட்டாலும் வெட்டு, விளம்பரத்துக்கு நேரம் வேண்டுமே. நாங்கள் எல்லோருமே அந்த லட்சணம்தான், அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அவருடைய தங்கை சினிமாவுக்கு ஒலி அமைப்பவள். அவள் முதன்முதலாகத் தனிப்பொறுப்பில் செய்த திகில் படம் இவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. வழக்கம்போல வெட்டினார். பத்தொன்பது நிமிடம் போயிற்று. ஒளிபரப்பான அன்று போனில் தங்கையிடம், "சத்தம் சும்மா மிரட்டிடுச்சும்மா" என்று கூசாமல் அளந்துவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிறு காலை, வெட்டாத முழுப் படத்தை ஒரு சின்ன அரங்கில் போட்டார்கள். தங்கை கூப்பிட்டாள், போனார்.

படத்தில் ஒரு மூடிய கதவு. ஒன்றரை நிமிடம் அது மட்டும்தான். உள்ளே ஒருத்தி பாத்திரம் கழுவுகிறாள். குழாய்ச் சத்தம், வளையல் சத்தம். திடீரென்று வளையல் நிற்கிறது. குழாய் மட்டும் ஓடுகிறது. தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிவது கேட்கிறது. சட்டென்று மறுநாள் காலை. அவள் கணவன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், ஆனால் அந்தக் குழாய்ச் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அவன் எழுந்துபோய்க் கை கழுவிக் குழாயை மூடிய பிறகுதான் அரங்கம் மூச்சுவிட்டது. ஒரு துளி ரத்தம் கிடையாது.

அந்தக் கதவை, "எதுவும் நடக்கவில்லை" என்று குறிப்பெழுதி, முழுசாக வெட்டியவர் இவர்தான். எல்லோரும் கைதட்டினார்கள். சேர்ந்து தட்ட இவருக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே தங்கை ஓடிவந்தாள். "அந்தக் கதவை எடுத்துட்டியேன்னு முதல்ல உன்மேல கொலவெறில இருந்தேண்ணா. அப்புறம்தான் புரிஞ்சுது. கேட்டுட்டு நீயே பயந்துபோய்த்தானே வெட்டினே?"

இல்லை என்று சொல்ல வாய்ப்பு இருந்தது. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. இவர் தலையாட்டிவிட்டார்.

அவள் இவர் கையைப் பிடித்து இயக்குநரிடம் இழுத்துப்போனாள். "சார், சொன்னேன்ல? கதவுச் சீனைக் கேட்டு மிரண்டுபோன எங்கண்ணன் இவர்தான்."

இதையெல்லாம் மறுநாள் மதியம் என்னிடம் சொன்னார். சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

"அந்த மனுஷன் எழுந்து நின்னு கை கொடுத்தார்ப்பா. நானும் கொடுத்தேன்."