வரைபடத்தில் இல்லாத பார்

அன்று படகில் இருந்தவர்கள் மூன்று பேர்: மேடம், படகுக்காரரான என் மாமா, நான். மேடத்தின் அலுவலகத்திலிருந்து வரவேண்டிய பெரிய அதிகாரி வரவில்லை. கடல் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கரையிலேயே நின்றுவிட்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று. தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொண்டு மேடம் உட்கார்ந்திருந்த கோலத்தை அவர் பார்த்திருந்தால் அன்றைக்கே கேள்விகள் கிளம்பியிருக்கும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்த கொடுவா மீன்களின் வயிற்றில் சிறிய ஒலிக்கருவிகளை வைத்துத் தைத்துத் திரும்ப விட்டிருந்தார் மேடம். அவை கடலில் எங்கே போகின்றன என்று அறிவதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த ஒலியைத் தண்ணீருக்கடியில் இருந்து கேட்க, டார்ச் விளக்கு அளவில் ஐந்து கருவிகள் வந்திருந்தன. பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி இறுகவைத்து, அதில் கயிறு கட்டி, கயிற்றில் கருவியைப் பிணைத்து, அது நிமிர்ந்து நிற்க ஒரு சின்ன மிதவையும் சேர்த்துக் கடலடியில் இறக்குவோம். நான் அவருடைய உதவியாளன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். கருவி இறங்கும் இடத்துக்கு இடங்காட்டி (ஜி.பி.எஸ்.) காட்டும் எண்களைக் குறிப்பது என் வேலை.

நான்கை இறக்கியாயிற்று. ஐந்தாவதைக் கடலடிப் பாறையருகே வைக்க வேண்டும் என்றார் மேடம். அந்தப் பாறையை எங்கள் பக்கம் பார் என்போம். மீன் ஒதுங்கும் இடம். மாமாவுக்கு ஒரு பார் தெரியும், அவருடைய அப்பா காட்டியது, வேறு படகுக்குத் தெரியாது. கரையில் எந்த இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வந்தால் அது கிடைக்கும் என்பதை இங்கேயும் நான் எழுதமாட்டேன். எங்கள் சொந்தத்தில் மூன்று வீட்டு அடுப்பு அதை நம்பி எரிந்தது. நான்தான் மாமாவைக் கெஞ்சினேன்.

"காட்றேன். ஆனா நம்பர் வெளிய போவக் கூடாது. நீ படிச்சவன் நைனா, உன் கை சும்மா இருக்காது," என்றார்.

மேடம், "போகாது," என்று மட்டும் சொன்னார்.

பாருக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் மாமா எஞ்சினை அணைத்தார். "தோ வர்றான் பக்கத்து குப்பத்தான். மேடம், நீங்களும் ஒரு தூண்டி புடிங்க. சும்மா குந்திகினு இருந்தா டவுட்டு வந்துரும்." சிமென்ட் வாளியைச் சாக்கால் மூடிவிட்டு, மீனே இல்லாத சேற்றுத்தரையின் மேல் மூவரும் நரம்பை விட்டோம்.

அந்தப் படகு நெருங்கியது. "இன்னா மாமு, மீன் கீதா?"

"மீனாவது ஒண்ணாவது. மேடத்துக்குக் கடல் காட்டிகினு கீறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, மேடத்தின் நரம்பு இழுத்தது. விரல் அறுபட்டும் அவர் விடவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி மேலே வந்தது.

"நல்லாத்தான் காட்ற மாமு," என்று அவர்கள் அங்கேயே நங்கூரம் போட்டார்கள். சிரிப்பை மறைக்க மாமா குனிந்து எதையோ தேடினார். மறுநாள் அந்தச் சேற்றின் மேல் நான்கு படகுகள் நின்றன. நாங்கள் அன்றே அவர்கள் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பாரில் கருவியை இறக்கிவிட்டு வந்தோம்.

பருவம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது மற்ற நான்கிலும் எப்போதாவது ஒரு மீனின் ஒலி. ஐந்தாவது நிரம்பியிருந்தது. கொடுவாக்கள் மாமாவின் பாரில்தான் குடியிருந்தன. அதிகாரி இடத்தைக் கேட்டார், மேடம் சொல்ல மறுத்தார். இடம் சொல்லாத கருவியை ஆராய்ச்சிக் கணக்கில் ஏற்க முடியாது, அதன் விலையை மேடம்தான் கட்ட வேண்டும் என்றார்.

"கொஞ்சம் தள்ளிக் குறிச்சிடலாமே மேடம், அன்னிக்குத் தூண்டில் போட்ட மாதிரி," என்றேன்.

அவர், "படகுல நடிச்சேன். அறிக்கையில நடிக்க முடியாதுப்பா," என்றார். ஐந்தாவது கருவியின் பதிவு முழுவதையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார். மீன்கள் எங்கே போகின்றன என்ற அவருடைய கேள்விக்கான பதிலும் அதோடு போயிற்று.

கருவியின் விலையை மேடமே கட்டுகிற சேதி கேட்டு மாமா வலையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். "நம்ம பாருக்கு அவங்க வாடகை கட்டிகினு கீறாங்கடா." அதற்குப் பிறகு மேடத்திடம் டீசலுக்கு மேல் படகு வாடகை என்று அவர் எதுவும் வாங்கவில்லை.

இன்று அலுவலகத்தில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. சுவரில் அந்த அறிக்கையின் வரைபடம், கருவி இறக்கிய நான்கு புள்ளிகளோடு. ஜன்னலில் அந்தத் தண்ணீர் பாட்டில், நரம்பு சுற்றியபடி. இப்போது எல்லாப் படகிலும் இடங்காட்டி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாரின் மேல் மாமாவின் மகன் படகு மட்டும்தான் நிற்கிறது. மேடத்தின் சம்பளத்தில் பிடித்தது அறுபதாயிரம், மாமா வாங்காமல் விட்ட படகு வாடகை எட்டாயிரம். ஆக, வரைபடத்தில் இல்லாத அந்த ஐந்தாவது புள்ளியின் விலை அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.