அரிசி டின்னில் இருந்த லென்ஸ்

அப்பாவின் பழைய வைட் லென்ஸ் மூடியைத் திருகினால் இன்றைக்கும் புழுங்கலரிசி வாசம்தான். கருக்களாச்சேரியில் எங்கள் வீடு கடலுக்கு அவ்வளவு பக்கம்; உப்புக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிடும் என்று அதைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார். அம்மா தினமும் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உலைக்கு அரிசி அளந்தபின் மறுபடி உள்ளே புதைத்து இறுக மூடுவாள். கேமராவில் எப்போதும் மாட்டியிருந்தது தூரத்து முகத்தைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸ். அதில் எங்கள் முகங்கள் மட்டுமே விழுந்தன; வீடு முழுதும் அடங்க அந்த வைட் லென்ஸ்தான் வேண்டும்.

“ஒரு தடவ அந்த லென்ஸ மாட்டி வீட்டையும் சேத்து எடுங்களேன்” என்பாள் அம்மா.

“வீடு எங்க போயிடப் போவுது? காத்து அடங்கட்டும்” என்பார் அப்பா.

கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் பூவத்தில் சித்தி வீட்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. மூடிய அரிசி டின் மட்டும் மிதந்துபோய்த் தென்னந்தோப்பில் ஒதுங்கியிருந்தது.

சித்தி வீட்டில் இருந்ததால் தப்பிய ஆல்பத்தை அம்மா அடிக்கடி எடுப்பாள். எங்கள் முகங்களைப் பார்க்கமாட்டாள். ஒரு படத்தில் என் காதுக்குப் பின்னால் கலங்கலாகத் தெரியும் நீலத்தை விரலால் தடவுவாள்.

“இது நம்ம அடுப்படி செவுருதானங்க?”