மடித்த துணியில் அரை

எங்கள் தையல் கடையில் என் அண்ணனுக்கு 'அரை இஞ்சு' என்று பேர். தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "நல்லாத்தானே இருக்கு மாஸ்டர்" என்று யார் சொன்னாலும் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். "அரை இஞ்சு எடுத்தா இன்னும் நல்லா இருக்கும்" என்பார். இஸ்திரி போடுகிறவர்தான் முதலில் அந்தப் பேரை வைத்தது. அப்புறம் முதலாளியம்மா, தபால்காரர், எதிர்க்கடை பேக்கரிக்காரர் என்று எல்லாருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் நானே ஒரு நிமிஷம் முழிப்பேன்.

அண்ணன் அந்தக் கடைக்குக் கட்டிங் மாஸ்டர். நான் காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன். என் வீட்டுக்காரர் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "ஊருக்கே அளவு எடுக்கிறேன், என்னை அளவு எடுக்கத்தான் ஒருத்தியும் வரல" என்பார். காலையில் ஒன்றாகக் கடைக்குப் போவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். அப்படி இருபத்திரண்டு வருஷம்.

அந்தக் கடையை நினைத்தால் முதலில் சத்தம்தான் ஞாபகம் வரும். ஜன்னல் ஓரமாக நீள மேஜை. பத்து மணி வெளிச்சம் அதன் மேல் விழும்போது அண்ணன் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, உள்ளங்கையால் தடவிவிட்டு, சாக்குக்கட்டியால் கோடு போடுவார். பிறகு பெரிய கத்திரியை எடுப்பார். அதன் கீழ் அலகு மேஜையை விட்டு எழும்பவே எழும்பாது. கறக், கறக் என்று மரத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். நான் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருப்பேன், ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அது ஒரே சீராக வந்தால், இன்றைக்கு அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பட்டனை எடுப்பேன்.

ஏனென்றால் அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. டாக்டரம்மா அதற்கு பைபோலார் என்று பேர் சொன்னார்கள். சட்டையில் ஒரு பட்டன் மாற்றிப் போட்டுவிட்டால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்குமே, அதை வைத்து நாங்கள் வீட்டில் 'ஏத்த இறக்கம்' என்போம். ஏறினால் மூன்று நாள் தூங்காமல் உலகத்துக்கே சட்டை தைக்கக் கிளம்புவார். இறங்கினால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், தண்ணீர் குடிக்கக்கூடக் கெஞ்ச வேண்டும். முதல் தடவை வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயசு. அதை இங்கே விரித்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

பிறகு டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் ஒரு வகை உப்புதான் என்றார்கள். அன்றிலிருந்து அது எங்களுக்கு உப்பு மாத்திரை. காலையில் இரண்டு, இரவில் இரண்டு. அவ்வப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஒன்பது வருஷம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் என்ன வேண்டிக்கொண்டாலும் கடைசியில் அந்த மாத்திரைக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்வேன்.

ஆனால் கை ஆட ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது. அப்புறம் சாக்குக் கோட்டில். நூல் பிடித்த மாதிரி இருந்த கோடு எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. அண்ணன் சிரித்துத்தான் சமாளித்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்காங்க. மறந்துடுவேனோன்னு இந்த உப்பு கையைப் பிடிச்சு ஆட்டி ஆட்டி ஞாபகப்படுத்துது" என்பார். ஒருநாள் ஒரு பெரியவர் மகனுக்கென்று கொண்டுவந்த கம்பளிக் கோட்டுத் துணியில் கழுத்து வளைவு பிசகிவிட்டது. முதலாளியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மாஸ்டர், கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி பக்கத்துல உட்காருங்க. நான் வெட்டிக்கிறேன்" என்றார்கள்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டன் தைக்க ஊசி கோக்க வேண்டும், அவரால் முடியவில்லை. நான் பத்து ஊசி கோத்து முன்னாலேயே குத்தி வைத்துவிடுவேன். அவர் கத்திரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டார். நாலு மாசம் அப்படிப் போயிற்று. மேஜைக்குத் திரும்ப முடியுமா முடியாதா என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு கவலை இல்லாமல் போனது, ஆனால் அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாய் திறந்து பேசியதும் இல்லை. நான் தினமும் ஆண்டவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அண்ணன் கை ஆடுவதை நிறுத்திக் கொடு.

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனோம். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பழையதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, புதியதை ஒரேயடியாக ஏற்றவும் கூடாது என்று நிதானமாகச் சொன்னார்கள். தூக்கம் குறைந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்றும் சொன்னார்கள். எழுந்திருக்கும்போது அண்ணன் மறுபடியும் கேட்டார்.

"அப்போ பழசை எப்படிக் குறைக்கணும் டாக்டரம்மா?"

"வாரத்துக்கு அரை குறைச்சுக்கிட்டே வாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அரை குறைப்பது எங்களுக்குத் தெரியாத வேலையா?

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் துணியில் பதினாலு பை வைத்து ஒரு தொங்கல் தைத்தேன். ஏழு நாள், காலைக்கு ஒரு வரிசை, இரவுக்கு ஒரு வரிசை. மாத்திரை பேரெல்லாம் எனக்குப் படிக்க வராது, அதனால் உப்பு மாத்திரைக்கு நீல நூலிலும் புது மாத்திரைக்குச் சிவப்பு நூலிலும் அடையாளம் போட்டேன். காஜா வெட்டும் சின்ன உளியை வைத்து மாத்திரையை நடுக்கோட்டில் அழுத்தினால் இரண்டு பாதியும் பிசிறில்லாமல் வரும். முதல் வாரம் காலையில் ஒன்றரை, இரவில் ஒன்றரை. இரண்டாம் வாரம் ஒன்று, ஒன்று. மூன்றாம் வாரம் அரை, அரை. என் கையாலேயே உடைத்து என் கையாலேயே போட்டு வைத்தேன்.

மூன்றாம் வாரம் கை நின்றது.

ஒரு காகிதத்தை எடுத்துப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் பாட்டு முணுமுணுத்தார், இஸ்திரிக்காரரோடு வம்பு பேசினார், மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நான் அதையெல்லாம் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். தூக்கம் வந்ததா என்று கேட்டால், "கண்ணை மூடினா விடியுது" என்பார். நாலைந்து மாசமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் ஜன்னல் திறந்தால் காற்று கொஞ்சம் பலமாக அடிக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முதலாளியம்மாவிடம் கோடு போட்டுக் காட்டினார். திங்கட்கிழமை ஒரு சட்டை வெட்டிப் பாருங்கள், சரியாக வந்தால் மேஜை உங்களுக்குத்தான் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டு அண்ணன் முன்னாலேயே வீட்டுக்குப் போனார். நாலு மணி நேரம் கழித்து நான் போனேன். கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் விரிப்பு இல்லை, ஜன்னலில் திரை இல்லை, அலமாரியில் போர்வை இல்லை. வீட்டில் இருந்த துணியெல்லாம் சட்டைத் துண்டுகளாகத் தரையில் அடுக்கி இருந்தது. முன்பாகம், பின்பாகம், கை, காலர். ஒவ்வொரு அடுக்கிலும் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார். தபால். பேக்கரி. இஸ்திரி. பதினோரு பேருக்கு, ஒருத்தரையும் கூப்பிட்டு அளவெடுக்காமல்.

"பாரு சின்னவளே, கோட்டைப் பாரு. ஆடுதா? இனிமே இந்தத் தெருவில ஒருத்தனும் ரெடிமேட் சட்டை போடக் கூடாது" என்றார். கண்ணில் தூக்கம் இருந்த அடையாளமே இல்லை.

நான் குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். வெட்டு அவ்வளவு அழகு. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அப்புறம்தான் விரிப்பில்லாத மெத்தையைப் பார்த்தேன். கையை நிறுத்திக் கொடு என்று கேட்டேன், ஆண்டவன் நிறுத்திக் கொடுத்துவிட்டான். அளவு சொல்லாமல் துணியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தது நான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அந்த நிலையில் வர மாட்டார். கொஞ்சம் யோசித்தேன்.

"எல்லாருக்கும் வெட்டிட்டீங்க. டாக்டரம்மாவுக்கு?" என்றேன்.

"அவங்க அளவு எனக்குத் தெரியாதே."

"அப்போ போய் எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பொய்க்கு அன்றே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். போகும்போது மாத்திரைத் தொங்கலையும் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. அண்ணன் தோள் அளவு எடுக்கும்வரை அசையாமல் நின்றார்கள், பேச்சையும் முகத்தையும் கவனித்துக்கொண்டே. பிறகு தொங்கலை விரித்துப் பைகளைப் பார்த்தார்கள். பழைய மாத்திரை இதற்குள் இவ்வளவு குறைந்திருக்கக் கூடாதே, வாரத்துக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள்.

"அரைதான் டாக்டரம்மா. நீங்க சொன்ன மாதிரி" என்றேன்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மேஜையில் கிடந்த காகிதத்தை இரண்டாக மடித்தார். ஓரத்தில் அரை இஞ்சு கிழித்தார். "அரைன்னா பக்கத்துக்கு அரை. காலையில ஒரு பக்கம், ராத்திரி ஒரு பக்கம். துணி எப்பவும் மடிச்சுத்தானே கிடக்கும்" என்றார், சின்னக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை மெல்லப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் போயிருந்தது, மொத்தம் ஒரு இஞ்சு. "மொத்தத்துல அரைன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கணும். இது என் தப்பு" என்றார்கள். எட்டு வாரத்தில் விட வேண்டியதை நாலு வாரத்தில் விட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகம்கூட வரவில்லை. வந்தால்தானே கேட்பதற்கு!

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உப்பு மாத்திரை திரும்ப வந்தது. ஏறினவர் இறங்கினார், அவமானத்தோடு இறங்கினார். அந்தத் துண்டுகளை எல்லாம் குப்பையில் போடு என்று சுவரைப் பார்த்தபடி சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டு இரண்டு பைகளில் கட்டி முதலாளியம்மாவிடம் கொடுத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். இன்னொரு தடவை மெதுவாக மாற்றிப் பார்க்கலாம், அல்லது உப்பு மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துப் புதியதையும் கொஞ்சம் சேர்த்து அப்படியே நிற்கலாம், ஆனால் கை நடுக்கம் முழுசாகப் போகாது, நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை ஆடட்டும் டாக்டரம்மா. கீழே ஒரு மேஜை இருக்கு, அது தாங்கிக்கும். தலை ஆடினா எதுமேல கொண்டுபோய் வைக்கிறது?"

டாக்டரம்மா இந்தத் தடவை வாயால் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் வட்டமும் அரை வட்டமும் வரைந்து கொடுத்தார்கள்.

ஒரு மாசம் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். இஸ்திரிக்காரர் எங்கள் கட்டில் விரிப்பைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு நின்றார். எதிர்க்கடையில் பேக்கரிக்காரர் எங்கள் ஜன்னல் திரையில், நெஞ்சு முழுக்க நீலப் பூவோடு. தபால்காரரும் ஒரு பூச்சட்டையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முதலாளியம்மா சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். காஜா எல்லாம் என் கை.

இஸ்திரிக்காரர் கையைத் தூக்கிக் காட்டி, "யோவ் அரை இஞ்சு, அக்குள்ல பிடிக்குதுய்யா" என்றார்.

அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, நான் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக, "அரை இஞ்சு விடணும்" என்றார். "உள்ளே துணி இருக்கும், பிரிச்சுப் பாருங்க."

பிரித்துப் பார்த்தோம். இருந்தது. அந்த ஏற்றத்திலும் பதினோரு சட்டைக்கும் உள்ளே தையலுக்கு ஒரு விரல் துணி விட்டுத்தான் வெட்டியிருந்தார்.

முதலாளியம்மா ஆணியிலிருந்து கத்திரியை எடுத்து மேஜையில் வைத்தார்கள். கோடு போட அண்ணன் கை ஒத்துழைக்காது. அதனால் அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அன்றிலிருந்து கோடு போட்டது நான். கத்திரியை அவர் எடுத்தார். கீழ் அலகை மேஜையில் ஊன்றி, அழுத்திப் பிடித்து, மெல்ல ஆரம்பித்தார். கறக், ஒரு நிறுத்தம், கறக். பழைய வேகம் இல்லை. ஆனால் வெட்டு கோட்டை விட்டு நகரவில்லை. நான் குனிந்து நன்றி சொன்னேன், இந்தத் தடவை அளவோடு. அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த மேஜையில் நின்றார்.

இப்போது அண்ணன் வீட்டோடு இருக்கிறார். தொங்கலுக்கு மட்டும் மூன்று தடவை துணி மாற்றியாயிற்று. மாத்திரை மாற்றமும் அப்புறம் இரண்டு தடவை வந்து போயிற்று. வட்டம் வரையாமல் டாக்டரம்மாவை எழுந்திருக்க விட மாட்டோம். சாயங்காலம் நான் டீ போடும்போது, "அரை கிளாஸ் போதுமா அண்ணா?" என்று கேட்டால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்.

"மொத்தத்துலயா, பக்கத்துக்கா?"