வாய் திறக்காத மூட்டை

ஜினெட் லாஃப்ரெனியேருக்கு நாற்பத்தேழு வயது. செப்டம்பரிலிருந்து ஜூன் வரை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கோடையில் என்னோடு சேர்ந்து, வம்பிலும் வழக்கிலும் மாட்டிய பெண்பிள்ளைகளை இருபத்தொரு நாள் படகுப் பயணமாக ஏரிகளுக்குக் கூட்டிப்போகிறாள். துடுப்புப் போடுவதில் எங்கள் வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேசுவதிலும்தான். அவள் கிளம்பிப் போனால்தான் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தமே கேட்கிறது என்று அவள் புருஷன் என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த வாய்தான் அவளுக்கு வினை. கடைசி மூன்று நாளும் வழிகாட்டிகள் இருவரும் 'மூட்டை' ஆகிவிடுவது எங்கள் பயணத்தின் வழக்கம். படகின் நடுவில் சும்மா உட்கார வேண்டும். வழி, சமையல், கூடாரம் எல்லாம் பிள்ளைகள் பாடு. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய மூட்டை பேசக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் ஜினெட் வழியைப் பாட்டாகப் பாடிக்காட்டினாள். போன வருடம் பாட்டுகூட இல்லை, "இடது பக்கம் போங்கடி!" என்று நேராகவே கத்திவிட்டாள்.

எங்கள் முதலாளி வென்டல் சாதுவான மனுஷன். அவனே இந்த ஜூனில் கண்டிப்பாகச் சொன்னான்: "இந்தத் தடவையும் வாயைத் திறந்தேன்னு வை, அடுத்த வருஷம் நீ கிடங்குல உட்கார்ந்து ஓட்ஸ் பொட்டலம் கட்டிக்கிட்டு இருப்ப."

கிடங்கில் அடைத்தால் ஜினெட் ஒரு வாரம் தாங்க மாட்டாள்.

இந்த வருடம் ஆறு பெண்கள், மூன்று படகு. பத்தொன்பதாம் நாள் காலையில் மேப்பைக் கெண்ட்ராவிடம் கொடுத்துவிட்டு நாங்கள் மூட்டையானோம். கெண்ட்ரா டிம்மின்ஸ் நகரத்துக்காரி, பதினாறு வயது. அவள் வாழ்க்கையில் எதுவுமே அவள் தப்பில்லை. கஞ்சி தீய்ந்தால் பானையின் தப்பு. தலைமேல் சுமந்த படகைக் கீழே போட்டால் மரத்தின் தப்பு. அவளை இங்கே கொண்டுவந்த கார் விவகாரம்கூட, சாவியை வண்டியிலேயே விட்டுப்போன மடையனின் தப்புதானாம்.

மறுநாள் நாங்கள் போன ஏரி நாலா பக்கமும் கிளை பிரிந்து கிடந்தது. வடக்குக் கிளையின் கோடியில் காட்டுப் பாதை. அதில் படகைச் சுமந்து போனால் கடைசி ஏரி. கெண்ட்ரா ஒரு நிலமுனையைத் தீவு என்று நினைத்து, வடக்குக் கிளைக்கு முந்தின கிளைக்குள்ளேயே படகுகளைத் திருப்பினாள். நான் ஜினெட்டைப் பார்த்தேன். அவள் காது சிவந்துவிட்டது. காலையில் சுட்ட ரொட்டியில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவள் படகில் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்ட டோரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஜினெட், பேச வேண்டாம், சும்மா இருமுங்க போதும். வலதுன்னா ஒண்ணு, இடதுன்னா ரெண்டு."

ஜினெட் வானத்தைப் பார்த்தாள். எதிர்காற்றில் இரண்டு மணி நேரம் போனோம். ரொட்டி தீர்ந்தது, காய்ந்த ஆப்பிளும் தீர்ந்தது. கடைசியில் தன் தொப்பியின் வாரையே கடித்துக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே நாக்கு அரித்தது.

கிளையின் முடிவில் சேறும், மரம் கொறிக்கும் பீவர் கட்டிய ஓர் அணையும் இருந்தன. பாதை இல்லை.

"எங்கடி உன் பாதை?" என்றாள் டோரி.

கெண்ட்ரா மேப்பை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இந்த மேப்பு..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அணையைப் பார்த்தாள். பழி போட அங்கே ஒரு பீவர்கூட இல்லை.

"இல்ல. என் தப்பு. முனையைத் தீவுன்னு நெனச்சுட்டேன். திரும்புங்க."

"அடி என் ராசாத்தி!"

ஜினெட்டின் குரல் அக்கரையில் மோதித் திரும்பி வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பத்து வருடப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

கெண்ட்ரா அவளை முறைத்தாள். "அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்?"

ஜினெட் தலையாட்டினாள்.

"ரெண்டு மணி நேரமா தெரிஞ்சும் பேசாம இருந்த? நீயா?"

அப்புறம் கெண்ட்ரா சிரித்தாள் பாருங்கள், படகே ஆடியது.

அன்று சாயங்காலம் டோரி எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாள். "வென்டல் கேட்டா ஒருத்தியும் மூச்சு விடக் கூடாது. பொய் சொல்றது நமக்குப் புதுசா என்ன?" வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் சத்தியம் செய்தேன். ஜினெட் மட்டும் செய்யவில்லை. அதன்பிறகு அவள் ஒரு சத்தமும் காட்டவில்லை.

கடைசி நாள் மூன்று மணிக்கு, பிள்ளைகளே வழி பார்த்து எங்களைக் கரை சேர்த்தார்கள். வேனும் ஒரு தர்பூசணியுமாக வென்டல் காத்திருந்தான். வாயெல்லாம் பல்லாக ஒவ்வொருத்தியின் கையையும் குலுக்கிவிட்டு, என்னிடம் வந்தான்.

"பேசினாளா?"

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. ஜினெட் மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கும் முன்னால் கெண்ட்ரா வந்து நின்றாள்.

"பேசினாங்க. 'அடி என் ராசாத்தி'ன்னு. நான் தப்பான வழில கூட்டிப்போயிட்டு, 'என் தப்பு'ன்னு சொன்னேன். அந்த அதிர்ச்சில வாய் தவறிடுச்சு. அதனால அதுவும் என் தப்பு."

டோரி தலையில் அடித்துக்கொண்டாள். கெண்ட்ராவின் கதை முழுக்க வென்டலுக்கு அத்துப்படி. அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என் தப்புன்னு நீ சொன்னியா? இன்னொரு தடவை சொல்லு."

"இப்பத்தானே சொன்னேன். ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

வென்டல் தர்பூசணியை வேனின் முகப்பில் வைத்து வெட்ட ஆரம்பித்தான். "அப்படி ஒரு அதிர்ச்சியில நல்லா இருக்கிற மனுஷிக்கே மாரடைப்பு வந்திருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா பேசலாம்னு விதியிலேயே இருக்கு."

ஜினெட்டுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கெண்ட்ராவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அப்ப இனிமே நான் பேசலாமா?"

டிம்மின்ஸ் போய்ச் சேரும்வரை வேறு யாருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.